மேல்வீட்டுத் தவில்

சாவி என்னிடம்தான் இருக்கிறது, தம்பி. எங்கும் போய்விடாது. முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். அது கேட்பதற்கான நாற்காலி, அதில் அமர்ந்து யாரும் பேசுவதில்லை. இந்தச் சோபாவில் அமருங்கள். வீட்டை நிதானமாகப் பார்க்கலாம். பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதையும் என் வாயால் அறிந்துகொள்ள வேண்டும். வாசலில் காவலாளி சுடலை இருக்கிறாரே, அவர் ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லையா? சிரித்தாரா? அதுதான். சிரிப்பார்.

திருமலைக்கொழுந்து என்றுதானே பெயர்? வீட்டுக்காரர் மீனாட்சிசுந்தரம் மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார். ஆசிரியர் என்றும் சொன்னார். எனக்கு அதில் பெரிய நிம்மதி. ஆசிரியர் என்றால் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். நானும் ஆசிரியைதான், பெண்கள் கல்லூரியில் இயற்பியல். எதையும் ஒழுங்காக, முதலிலிருந்து எடுத்துச் சொன்னால் புரியாதவர் உலகத்தில் இல்லை என்பது என் அனுபவம்.

கீழ்வீட்டைப் பற்றி அவர் உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், தாமிரபரணித் தண்ணீர். ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு நேர் மேலே, அதாவது இங்கே, ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் இருக்கிறது. அதோ, சமையலறைச் சுவரோடு சேர்ந்து கறுப்பாகப் பெட்டி போல இருக்கிறதே, அதுதான். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும்.

போன வாரம் மீனாட்சிசுந்தரம் தொலைபேசியில் எனக்கு ஒரு கெடு வைத்தார். "மேடம், இது கடைசித் தடவை. இந்தத் தம்பியும் வேண்டாம்னு போயிட்டார்னா நான் சங்கத்துல சொல்லிருவேன். அந்தப் பெட்டிய நீங்க எடுத்துத்தான் ஆகணும்" என்றார். சங்கம் என்பது இந்தக் குடியிருப்பின் சங்கம். அப்போது இங்கே வந்திருந்த அதன் செயலாளர் என் எதிரிலேயே தலையை ஆட்டினார். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே நிலைமை இதுதான், தம்பி: நீங்கள் வீட்டை எடுத்துக்கொண்டால் பெட்டி இருக்கும், வேண்டாம் என்றால் பெட்டி போகும். வேறொருத்தியாக இருந்தால் இதை மறைத்து, சிரித்துப் பேசி, வீட்டை உங்கள் தலையில் கட்டியிருப்பாள். நான் அப்படிச் செய்பவள் அல்ல. நடந்ததை முழுவதும் சொல்கிறேன். முழுவதும் கேட்டால் நியாயமுள்ள எவரும் என் பக்கம்தான் நிற்பார்.

காப்பி வந்துகொண்டிருக்கிறது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறதே, அவர்தான். மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் போடுவார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் அவர்தான். ஓய்வு பெற்ற கையோடு, பழைய சினிமாப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் வாங்கி வந்தார். இவை தாமே மின்சாரம் வாங்கித் தாமே பாடும் வகை. ஆம்ப்ளிஃபயர் இதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. கைபேசியில் ஒரு கச்சேரியைத் தொட்டால் போதும், இணையத்திலிருந்து நேரே வந்து இதில் ஒலிக்கும். அவர் ஒரு வாரம் கேட்டார். பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். அதன் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் அது போதும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்று அவர் சொன்னதில்லை.

எனக்கு நாதஸ்வரக் கச்சேரி என்றால் உயிர். நாதஸ்வரம் இந்தச் சின்ன ஸ்பீக்கரில் குறையில்லாமல் வந்தது. தவில்தான் வரவில்லை. தவில் என்று ஒன்று வந்தது. தகர டப்பாவில் கடலையைப் போட்டுக் குலுக்குவது போல வந்தது. ஏன் என்று சொல்கிறேன். தவிலுக்கு இரண்டு முகம் உண்டு, தம்பி. நீங்கள் இந்தத் தலைமுறை, தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வலப்பக்கம் வலந்தலை, விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். இடப்பக்கம் தொப்பி, அதைக் குச்சியால் வாசிப்பார்கள். தாளச் சொல் வலந்தலையில் பிறக்கிறது. ஆனால் சொல்லுக்கு நெஞ்சு தொப்பியில் இருக்கிறது. சிறிய ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது, அதற்கு அவ்வளவு காற்றைத் தள்ளும் வலிமை கிடையாது. ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கிற விஷயம் இல்லை இது. தொப்பி இல்லாத தவிலைக் கேட்பது, ஒருவர் பேசுவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது போல. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நான் கண்ணை மூடினால் இந்தக் கூடத்திலேயே தவில்காரர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இது பேராசையா, சொல்லுங்கள்.

ஆகவே சப்வூஃபர் வாங்கினேன். தாழ்ந்த ஒலிக்கென்றே பிறந்தது. அதை ஸ்பீக்கரோடு இணைக்கிற வேலையை அவரிடம் விட்டேன். நான் செய்த ஒரே தவறு அது. ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்தால் பல துளைகள் இருக்கும். அவர் எதில் தம் கையிலிருந்த கம்பி நுழைந்ததோ அதில் நுழைத்துவிட்டார். அது காதில் மாட்டிக் கேட்கிற ஹெட்ஃபோனுக்கான துளை. அதில் எதைச் செருகினாலும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விளைவு என்ன? நாதஸ்வரம் ஊமை, தவிலின் தொப்பி மட்டும். ராகமும் இல்லை, சொல்லும் இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ கட்டடத்துக்குக் கடைக்கால் போடுவது போல வெறும் தும், தும் என்று. அவர் அதை ஒரு மாலை முழுவதும் கேட்டுவிட்டு, "ஏதோ குறையுத மாதிரி இருக்கு, காந்திமதி" என்றார்.

நான் வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்து, சப்வூஃபருக்கென்றே இருக்கும் துளையைக் கண்டுபிடித்து, அதற்குரிய கம்பியை வாங்கி, முறையாக இணைத்தேன். இணைத்ததோடு முடியாது. எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியைப் பெட்டி எடுத்துக்கொள்வது, எதற்கு மேலே ஸ்பீக்கர் பாடுவது என்று இரண்டுக்கும் எல்லை வகுக்க வேண்டும். மாமியாரையும் மருமகளையும் ஒரே சமையலறையில் வேலை செய்ய வைப்பது போன்ற காரியம் அது. செய்தேன். அதிலும் குறை வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், தம்பி, பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தாழ்ந்த ஒலி அறையின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்காது. ஓரிடத்தில் குமுறும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். பெட்டியைக் கேட்பவர் அமரும் நாற்காலியில் ஏற்றி வைத்துவிட வேண்டும். கேட்பவர் தரையில் மண்டியிட்டு, சுவரோரமாக, காதைத் தாழ்த்திக்கொண்டு தவழ்ந்து வர வேண்டும். எந்த இடத்தில் ஒலி நிறைவாகக் கேட்கிறதோ, பிறகு பெட்டியை அங்கே வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தால், அதே நிறைவு நாற்காலிக்கு வந்துவிடும். இது வேடிக்கை இல்லை. அலைகளின் இயல்பு அப்படி.

எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே அவர் தவழ்ந்தார்.

அந்தக் காட்சியை நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். மாலை நேரம். நாற்காலியில் கீறல் விழக்கூடாது என்று என்னுடைய பழைய சிவப்புப் பட்டுப்புடவை ஒன்றை விரித்து அதன் மேல் பெட்டியை ஏற்றியிருந்தேன். புழுக்கமாக இருந்ததால் அவர் சட்டை போடவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். மாலையில் திருநீறு பூசிக்கொள்வது அவர் வழக்கம், அன்றும் பூசியிருந்தார். நாதஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருக்கின்றன. அவர் தவழ்ந்து வருகிறார். ஒலி நன்றாகக் கேட்கும் இடங்களில் நான் சாக்கட்டியால் தரையில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் குறி எழுதிக்கொண்டு வருகிறேன். கதவு திறந்திருந்தது.

கீழ்வீட்டில் அப்போது அழகியநம்பி என்பவர் குடியிருந்தார். விதை நிறுவனத்தில் வேலை. அவர் மனைவி செண்பகவல்லி. குழந்தைகள் வெளியூரில் படிக்கிறார்கள். தங்கமான மனிதர்கள், கொஞ்சம் தெய்வ பயம் அதிகம். அந்த அழகியநம்பி வாசலில் வந்து நின்றார். வரும்போது முகம் கடுகடு என்றுதான் இருந்தது. எதையோ கேட்க வந்த முகம். நின்றார். நாற்காலியைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். தவழ்ந்துகொண்டிருந்தவரைப் பார்த்தார். என் கையிலிருந்த சாக்கட்டியையும் தரையில் இருந்த வட்டங்களையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பினார். முதுகைக் காட்டாமல் அப்படியே பின்னால் நடந்து படியிறங்கிப் போய்விட்டார்.

என்ன பண்பான மனிதர் என்று நான் வியந்தேன். அதை அறிவியலுக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தவழ்ந்து கண்ட இடம், இப்போது பெட்டி இருக்கும் அந்த இடம்தான். அதற்கு நேர் கீழே உங்கள் படுக்கையறை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. அளந்து பார்த்திருக்கிறேன். தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளி, உங்கள் சாமி அலமாரி வருகிற இடம். அப்படியும் நான் கீழ்வீட்டை நினைக்காமல் இல்லை. பெட்டிக்கு அடியில் பாருங்கள், பத்தமடைப் பாயை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். அசல் பத்தமடை. என் கல்யாணத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து கீழ்வீட்டில் ஒரு மாறுதல் தெரிந்தது. தினமும் மாலை நான் கச்சேரியைத் தொடங்கிய சிறிது நேரத்தில் சன்னல் வழியே சாம்பிராணி வாசம் மேலே ஏறி வரும். கற்பூர வாசமும் வரும். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இசைக்கு ஒரு சூழல் வேண்டும் என்று உணர்ந்த ரசிகர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? ரசிக்கிறார்களே என்று இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒலியைச் சற்றுக் கூட்டியும் வைத்தேன்.

கீழே ஒலி அதிகமாகக் கேட்கிறதா என்று பார்த்து வரும்படி அவரைத் தினமும் அனுப்புவேன். இந்த விஷயத்தில் நான் எவ்வளவு பொறுப்போடு நடந்துகொண்டேன் என்பதற்கு இது ஒன்றே போதும். அவர் போனால் உடனே வரமாட்டார். கச்சேரி முடிகிற நேரத்தில்தான் வருவார். "ஒண்ணும் தொந்தரவு இல்லையாம்" என்பார். ஒருநாள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வந்த கை போல இருந்தது, கேட்டேன். பாயசம் கொடுத்தார்கள் என்றார். இன்னொரு நாள், அங்கே மீன் சமைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தானாகவே சொன்னார். உடம்புக்கு நல்லது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு வரவர முகத்தில் ஒரு பொலிவு. வேலையில் இருந்த காலத்தில்கூட அவர் அப்படி இருந்ததில்லை. இசையின் பயன் என்று நினைத்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கணவனும் மனைவியுமாகத் தட்டோடு மேலே வந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, மடித்த ஒரு பட்டுத் துண்டு. செண்பகவல்லி குளித்துத் தலையில் பூ வைத்திருந்தார். துண்டு இவருக்கு என்றார்கள். இவர் கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் நழுவினார்.

"நல்லபடியா முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டார் அழகியநம்பி.

எது என்றேன்.

"நேர்ச்சைதான். மண்டலம் இன்னையோட முடியுது. நாங்களும் கீழ ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டேதான இருந்தோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. அவர் மட்டில், அன்று மாலை இங்கே நடந்தது ஏதோ ஒரு பெரிய வேண்டுதல். இவர் முழங்காலால் சுற்றி வந்தது பிரதட்சணம். நான் வரைந்தது சக்கரம். நாற்காலியில் பட்டின் மேல் அமர்ந்திருந்த கறுப்புப் பெட்டி என்ன சாமி என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதைக் கேட்பது அபசாரம் என்று கேட்கவில்லை. கீழே அவர்கள் வீட்டில் தினமும் பாத்திர அலமாரியில் தட்டுகள் கலகலத்தன. அலமாரித் தம்ளர் ஒன்று தானாக விளிம்புவரை நடந்து வந்தது. சாமி விளக்கின் சுடர் காற்றில்லாமல் ஆடியது. ஆகவே அவர்களும் தங்களால் ஆனது என்று கீழே விரதம் இருந்திருக்கிறார்கள். நேர்ச்சைக்காரர் என்று இவரைத் தினமும் மணையில் உட்காரவைத்து, இலை போட்டுப் பரிமாறி, போகும்போது திருநீறும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவர் பூசியும் விட்டிருக்கிறார். இதை இவர் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தப் பாயசத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

நான் பொய் சொல்கிறவள் அல்ல. "இது நேர்ச்சை இல்லை, ஐயா. இது சப்வூஃபர். இதற்கு மண்டலக் கணக்கெல்லாம் கிடையாது, எப்போதும் இருக்கும்" என்றேன்.

அழகியநம்பி மெல்ல அந்தச் சோபாவில், இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில், உட்கார்ந்தார்.

"அப்ப விளக்கு ஆடுனது?"

"அதிர்வு."

"தம்ளர் நடந்தது?"

"அதுவும் அதிர்வுதான். பரப்பு சற்றுச் சாய்வாக இருந்திருக்கும்."

"இவளுக்கு ஒத்தத் தலைவலி விட்டுப் போச்சே மேடம், அது?"

அதற்கு நான் பொறுப்பல்ல என்றேன்.

செண்பகவல்லி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "சாமி காரியம்னு சொன்னீளே. வீட்டுல ஒரு நெத்திலி பொரிச்சு எத்தன நாளாச்சு. நேத்து எங்க அண்ணன் ஊர்லேர்ந்து வஞ்சிரம் கொண்டுவந்தான், வாசலோட திருப்பி அனுப்புனேனே, பாவி மனுசா" என்றார். தட்டை எடுத்துக்கொண்டார்கள். துண்டையும் எடுத்துக்கொண்டார்கள். பழத்தில் ஒரு சீப்பு மட்டும் விட்டுப் போனார்கள். அது மறதியாகத்தான் இருக்கும்.

அவர்கள் பயப்படக் கூடாதே என்று மறுநாள் நானே கீழே இறங்கிப் போய், எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். ஒரு கரும்பலகைதான் இல்லை. காலண்டரின் பின்பக்கத்தில் அலை வரைந்து காட்டினேன். தாழ்ந்த ஒலி தளத்தைத் தாண்டாது என்று நான் சொல்லவில்லை. தாண்டும். ஆனால் தாண்டி வருவது மிச்சம்தான், சாரம் அல்ல. மிச்சத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மேலும் மனித உடம்பு எந்த ஒலிக்கும் பழகிக்கொள்ளும், மனம் விரும்பினால் போதும். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் குடியிருப்பவன் தூங்காமலா இருக்கிறான்? தூங்குகிறான். இவ்வளவையும் செண்பகவல்லி வாசல்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். உள்ளே மீன் பொரிகிற வாசம் வந்தது.

அந்த மாதமே காலி செய்தார்கள். வேலை மாற்றல் என்று அழகியநம்பி சொன்னார். இப்போது இதே பாளையங்கோட்டையில், சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறார். மிக அருகிலேயே மாற்றல் கிடைத்திருக்கிறது, கொடுத்துவைத்தவர். ஆனால் மீனாட்சிசுந்தரத்திடம் யாரோ வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் சுடலை வேறு நின்று நின்று பேசியிருக்கிறார். ஒருவரும் நிற்கவில்லை. இதுதான் நடந்தது, தம்பி. இதில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வெறும் வாயால் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். இப்போது அந்த நாற்காலியில் அமரலாம். காப்பியும் வந்துவிட்டது, தம்ளரை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், டீப்பாயில் வைக்காதீர்கள். இருங்கள், கைபேசியில் தொடுகிறேன். மிதமாகத்தான் வைக்கிறேன்.

கேட்கிறதா? இதோ, நாதஸ்வரம் நிறுத்தப் போகிறது. இப்போது தனித் தவில். கேளுங்கள். அந்தக் கனத்தைக் கேளுங்கள். சுவரில் கைவைத்துப் பாருங்கள், சுவரும் வாசிக்கும்.

போதும், நிறுத்திவிடுகிறேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறீர்களே. தூக்கமா? வெயிலில் அலைந்து வந்திருப்பீர்கள். எப்படி இருந்தது? நன்றாக இருந்ததா? நிசமாகவா? வீடு வேண்டுமா? கீழே போய்ப் பார்க்காமலேயே வேண்டுமா?

நான் சொன்னேன் அல்லவா. முறையாக எடுத்துச் சொன்னால் போதும். ஏங்க, இங்கே வாருங்கள், தம்பி வீட்டை எடுத்துக்கொள்கிறார். மீனாட்சிசுந்தரத்துக்கு நானே பேசிவிடுகிறேன். செயலாளரிடமும் நானே போய்ச் சொல்வேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெருந்தன்மையோடு முடிவெடுத்த உங்களை நான் இதுவரை எதுவுமே கேட்கவில்லை, என் பாட்டையே பாடிக்கொண்டிருந்துவிட்டேன். எந்தப் பள்ளியில் ஆசிரியர், தம்பி? கணக்கா, தமிழா?

இசைப் பள்ளியா? அரசு இசைப் பள்ளி. நல்லது, நல்லது. பாட்டா?

தவிலா?

தவில் என்றால், நீங்கள் வாசிப்பீர்களா? கற்றுக்கொடுப்பீர்கள், சரி. கற்றுக்கொடுப்பது பள்ளியில்தானே. வீட்டிலும் வாசித்துப் பழகுகிற சாதகம் உண்டா? தினமும்? விடியற்காலையில்.

இல்லை, ஒன்றும் இல்லை. தொடர்ந்து சொல்லுங்கள். கேட்கிறேன்.

ஆறு மாதமாக வீடு தேடுகிறீர்கள். தவில் என்று சொன்னதும் கதவைச் சாத்துகிறார்கள். முந்தாநாள் ஒரு வீட்டில் அந்த அம்மாள், 'வாத்தியார் தம்பி, ஒங்களுக்குத் தாரேன், ஒங்க தவிலுக்குத் தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். கேட்கவே வருத்தமாக இருக்கிறது. மனிதர்களுக்குச் சகிப்புத்தன்மை போய்விட்டது. 'இப்படி ஒரு அம்மா மேல இருந்தா எனக்கு வேற என்ன வேணும்' என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்களா? சரி. சரி.

தம்பி, ஒரு சின்ன விஷயம். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். ஒலியின் இயல்பு விசித்திரமானது. மேலிருந்து கீழே போகும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கீழிருந்து மேலே வரும்போது அப்படி இல்லை. இந்தக் கட்டடத்தின் தளம் மெல்லியது. கீழே அடித்தால் தளமே தோல் போல அதிரும். சமையலறையில் பாத்திரம் ஆடும். எனக்குக் காலையில் கல்லூரிக்கு முன் பாடம் தயாரிக்கிற வேலை இருக்கிறது. இவருக்கு இரத்த அழுத்தம். ஒரு குடியிருப்பு என்றால் மேலே கீழே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும் அல்லவா? பழகிக்கொள்ளலாம் என்று எல்லோராலும் முடிவதில்லை. எல்லா உடம்பும் ஒன்றல்ல. மேலும் அந்த வீட்டில் வெளிச்சம் கொஞ்சம் குறைவு. தண்ணீரும் வீட்டுக்காரர் சொன்ன அளவுக்கு ஓயாமல் வருவதில்லை. நீங்கள் ஒருமுறை கீழே போய்ப் பார்த்துவிட்டு, நிதானமாக யோசித்து...

யார் சிரிப்பது? ஏங்க, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு என்ன சிரிப்பு? தம்பி முன்னால். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்தே வருடக்கணக்காகிறது, தம்பி. கண்ணில் தண்ணீர் வருகிறது பாருங்கள். அந்தக் கரண்டியைக் கீழே வையுங்கள். கையில் என்ன? சாவியை எதற்கு எடுத்தீர்கள்?

கொடுத்துவிட்டார்.

சரி. கொடுத்தது கொடுத்ததுதான். கொடுத்த சாவியைத் திருப்பி வாங்குகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. நீங்கள் இல்லையென்றால் பெட்டியும் இல்லை, அது எனக்கும் தெரியும். எழுந்திருக்காதீர்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போங்கள். சாமான்கள் என்றைக்கு வருகின்றன? நாளைக்கேவா. நாளைக்கு முதலில் எதைக் கொண்டுவருவீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும், தம்பி. நான் குறுக்கே நிற்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது, இசை தெரிந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். விடியற்காலைச் சாதகத்தில், வலந்தலை இருக்கட்டும், அது அழகுதான்; அந்தத் தொப்பியை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கிற வழக்கம் ஏதும் உங்களில் உண்டா?